முற்றிய இலையை விட்டு நுனியைக் கிள்ளுங்கள்: வீட்டுத் தொட்டி மூலிகைகளுக்குக் கவாத்து

மொட்டை மாடியில் துளசி, புதினா, கற்பூரவள்ளி, கறிவேப்பிலை ஆகிய நான்கையும் தொட்டியில் வைத்து ஒன்றரை ஆண்டாக வளர்த்துவருவதாக எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரும் உரமும் குறைவில்லாமல் கொடுத்தும் துளசியும் கறிவேப்பிலையும் ஒற்றைக் குச்சியாக உயர்ந்து நுனியில் மட்டும் நாலு இலையோடு நிற்கின்றன என்றும், கத்தரித்துவிட்டால் அடர்ந்து வரும் என்று தெரிந்தவர்கள் சொன்னாலும், இருக்கிற நாலு இலையும் போய்ச் செடியே பட்டுவிடுமோ என்று அஞ்சிக் கை வரவில்லை என்றும் சொல்கிறீர்கள். எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, எந்தக் காலத்தில் வெட்டுவது என்ற உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்பு, உங்கள் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியை எடுத்துக்கொள்ள வேண்டும். ரசத்துக்கும் கஷாயத்துக்கும் வேண்டும்போது அடியிலிருந்து முற்றிய இலையாகப் பார்த்துப் பறித்துக்கொள்வதாகவும், நுனிக் குருத்தைத் தொடுவதே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். செடி குச்சியாகிப் போனதற்கு உரக் குறைவோ தண்ணீர்க் குறைவோ காரணமன்று, அந்தப் பழக்கம்தான் காரணம்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று. குருத்து பிஞ்சு, அது வளரட்டும், முற்றியதைப் பறித்தால் செடிக்கு வலிக்காது என்ற இரக்கத்தால்தான் பெரும்பாலோர் அடி இலையைப் பறிக்கிறார்கள். செடியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு நேர் எதிராக இருக்கிறது. முற்றிய இலைதான் வெயிலை வாங்கிச் சர்க்கரை ஆக்கி வேருக்கும் குருத்துக்கும் அனுப்பும் அடுப்படி. குருத்தோ தன் உணவைத் தானே முழுதாகச் சமைத்துக்கொள்ள முடியாமல், கீழிலைகள் அனுப்புவதை வாங்கித் தின்னும் பிள்ளை. அடி இலையைப் பறிக்கும்போது சம்பாதிக்கிறவரை அகற்றிவிட்டுச் சாப்பிடுகிறவரை மட்டும் வைத்துக்கொள்கிறோம். தவிர, இலை விழுந்த இடத்தில் மறுபடி அதே இலை முளைப்பதில்லை. அந்தக் கணுவிலிருந்து ஒரு பக்கக்கிளை வந்தால்தான் அங்கே பசுமை திரும்பும். நுனி உயிரோடு இருக்கும் வரை அந்தப் பக்கக்கிளை எளிதில் வராது.

ஏன் வராது என்பதைப் பார்க்க, நாளைக் காலை உங்கள் துளசியின் அருகில் உட்கார்ந்து, நுனியிலிருந்து மூன்றாவது இலைச்சோடியை உற்றுப் பாருங்கள். தண்டைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து உருட்டினால் அது உருண்டையாக இல்லாமல் நான்கு பட்டையாகத் தட்டுப்படும். துளசி, புதினா, திருநீற்றுப்பச்சிலை என்று இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கெல்லாம் இதுவே அடையாளம். அந்தத் தண்டில் இரண்டு இலைகள் எதிரும் புதிருமாக ஒரே கணுவில் உட்கார்ந்திருக்கும். அதற்கு மேலே உள்ள சோடி இதற்குக் குறுக்காகத் திரும்பியிருக்கும், ஆகையால் நேர் மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி போலத் தெரியும். இனி இலைக்காம்பு தண்டோடு சேரும் அந்தக் கக்கத்தைப் பாருங்கள். கடுகளவில், சில நேரம் கடுகைவிடச் சிறிதாக, மயிரிழைகள் மூடிய ஒரு பச்சைப் புள்ளி தெரியும். பள்ளிப் பாடத்தில் கோணமொட்டு என்று படித்தது அதைத்தான். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு மொட்டுகள் இருப்பதால், பத்துக் கணு உள்ள துளசியில் இருபது கிளைகள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. நாம் புதிதாக எதையும் உண்டாக்கப் போவதில்லை, இருப்பதை எழுப்பப் போகிறோம்.

அவற்றை உறங்க வைப்பது நுனிமொட்டு. நுனியில் உண்டாகி அடிநோக்கி இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் கோணமொட்டுகளை அடக்கி வைக்கிறது. தாவரவியலில் இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். 1933இல் கென்னத் திமன், ஃபோல்க் ஸ்கூக் என்ற இரு தாவர ஆய்வாளர்கள் அவரை இனச் செடி ஒன்றின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தபோது, நுனி இல்லாமலே பக்கமொட்டுகள் அடங்கிக் கிடந்தன. நீண்ட காலம் இந்த அளவோடு விளக்கம் முடிந்ததாகக் கருதப்பட்டது. வேரிலிருந்து மேலேறும் சைட்டோகைனின் என்ற வளர்ச்சிப் பொருள் மொட்டை எழுப்பும் என்பதும், ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற மற்றொரு பொருள் கிளைப்பதைத் தடுக்கும் என்பதும் பின்னர்ச் சேர்ந்தன. 2014இல் பட்டாணிச் செடியில் செய்யப்பட்ட ஆய்வுதான் நம்மைப் போன்ற தொட்டித் தோட்டக்காரர்களுக்கு நேரடியாக உதவுவது. நுனியை வெட்டியபின், கீழ்க்கணுக்களில் ஆக்சின் குறைவதற்கு முன்பே மொட்டுகள் வளரத் தொடங்கிவிடுகின்றன என்றும், நுனி தின்றுவந்த சர்க்கரை இப்போது மொட்டுகளுக்குத் திரும்புவதே அந்த முதல் தூண்டுதல் என்றும் அதில் தெரியவந்தது. அதாவது, நுனியைக் கிள்ளினால் மட்டும் போதாது, கீழே சர்க்கரை ஆக்கும் இலைகள் இருக்கவும் வேண்டும். நுனியை நீக்கி, அடி இலையைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. நீங்கள் இத்தனை நாளும் செய்துவந்தது இந்த இரண்டையும் தலைகீழாக.

நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலைநாட்டிலும் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. விட்டால் மரமாக வளர்ந்துவிடும் தேயிலை, இடுப்பளவில் மேசை விரித்தாற்போல நிற்பதற்குக் காரணம், இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக நுனியைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே இருப்பதுதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆழமாக வெட்டிவிடுவதை அங்கே கவாத்து என்பார்கள். மல்லிகைத் தோட்டத்துக்காரரும் அதே சொல்லைத்தான் சொல்லுவார். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் உயரம் விட்டுப் புதரை வெட்டினால்தான் அடுத்த பருவத்தில் பூ வரும் என்பது அவருக்குப் பழகிய கணக்கு. நம் வீட்டு மூலிகைகளுக்கும் இந்த இரண்டும் வேண்டும்: வாரந்தோறும் சமையலுக்குக் கிள்ளுவது ஒன்று, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை கத்தரியால் இறக்கி வெட்டுவது மற்றொன்று. முதலாவதை ஒழுங்காகச் செய்தால் இரண்டாவதற்கு வேலை மிகக் குறைவு.

இனித் துளசிக்கு வருவோம். விதையிலிருந்தோ நாற்றிலிருந்தோ வளரும் புதுத் துளசி நான்கு, ஐந்து சோடி இலை விட்டு ஒரு சாண் உயரம் வந்ததும், மேலிரண்டு சோடியோடு நுனியைக் கிள்ளிவிடுங்கள். எஞ்சும் கணுவுக்கு மேலே கால் அங்குலம் விட்டுக் கிள்ள வேண்டும். ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் என்று நீட்டி விட்டால், இலையில்லாத அந்த மொட்டைத் துண்டு காய்ந்து கறுத்து, சில நேரம் அழுகலைக் கீழே இறக்கும். கணுவை ஒட்டியே வெட்டினால் மொட்டு அடிபடும். வெயில் நன்றாக உள்ள காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் அந்தக் கணுவின் இரு கக்கங்களிலிருந்தும் இரண்டு தளிர்கள் புறப்படும். அவை ஒவ்வொன்றும் மூன்று சோடி இலை விட்டதும் மறுபடி நுனி கிள்ளினால் இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். மூன்றே கிள்ளலில், ஏறத்தாழ இரண்டு மாதத்தில், ஒற்றைக் குச்சியாக இருக்க வேண்டிய செடி எட்டு நுனியோடு குடை போல நிற்கும். அதன் பிறகு நீங்கள் தேநீருக்கும் கஷாயத்துக்கும் வேண்டியதை எடுத்தாலே போதும், தனியாகக் கவாத்து என்று ஒன்று தேவைப்படாது.

ஆனால் உங்களிடம் இருப்பது முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, அடிமரம் பழுப்பேறி, நுனியில் மட்டும் இலையும் கதிருமாக நிற்கும் துளசி. இதை ஒரே நாளில் பாதிக்கு வெட்டினால் கீழே இலையே இல்லாத கட்டை மட்டும் மிஞ்சும், அதற்கு உணவு அனுப்ப ஆள் இராது. பழுத்த கட்டையிலிருந்து துளிர் வருவதும் உண்டு, வராமலே போவதும் உண்டு. ஆகையால் படிப்படியாக இறக்க வேண்டும். முதலில் கதிர்களையும், கதிருக்குக் கீழே உள்ள ஒரு சோடி இலையையும் மட்டும் நீக்குங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் கீழ்க்கணுக்களில் எங்காவது பச்சைப் புள்ளி எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்த கணு எதுவோ அதற்குச் சற்று மேலே அடுத்த வெட்டை வையுங்கள். இப்படி மூன்று தவணையில் இறக்கினால் செடி ஒரு கட்டத்திலும் இலையில்லாமல் நிற்காது. எந்தத் தவணையிலும் செடியில் உள்ள பசுமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பதைத் துளசிக்குக் கண்டிப்பான அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கதிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துளசி கதிர் விட்டதும் அதன் நோக்கம் இலையிலிருந்து விதைக்கு மாறிவிடுகிறது. இலை சிறுத்து, இலைக்கு இலை இடைவெளி கூடி, தண்டு விறகாகத் தொடங்கும். கதிர் விரல்நுனி நீளம் வருவதற்குள் கிள்ளிவிட்டால் இந்த மாற்றம் தள்ளிப்போகும். துளசியில் கைவைக்கத் தயங்குவோர் உண்டு, இன்ன நாளில் பறிக்கக் கூடாது, பொழுது சாய்ந்தபின் பறிக்கக் கூடாது என்ற வழக்கங்களும் வீட்டுக்கு வீடு உண்டு. அவற்றைக் கடைப்பிடிப்பதில் செடிக்கு எந்தக் குறைவும் வராது, மற்ற நாட்கள் வேண்டிய அளவுக்கு இருக்கின்றன. கதிரை மஞ்சரி என்று சொல்லிப் பூசைக்கு எடுத்து வைக்கும் வீடுகளில் துளசி அடர்த்தியாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே பக்தியும் கவாத்தும் ஒரே கைவேலையாக நடந்துவிடுகின்றன. எல்லாக் கதிரையும் எடுத்துவிடாமல், இரண்டு தொட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பூக்க விடுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். காலை ஒன்பது மணி வெயிலில் கொசுத்தேனீக்கள் அந்தச் சின்னப் பூக்களில் தலையை நுழைத்து நுழைத்து வெளிவருவதைப் பார்ப்பது தோட்டம் வைத்திருப்பதன் பேறுகளில் ஒன்று. அடுத்த ஆண்டுக்கு விதையும் கிடைக்கும். துளசி இரண்டு, மூன்று ஆண்டில் தளர்ந்துவிடும் செடி என்பதால் அந்த விதை வேண்டியும் இருக்கும்.

துளசியின் உறவான திருநீற்றுப்பச்சிலைக்கும், கடைகளில் பேசில் என்ற பெயரில் விற்கும் இத்தாலியத் துளசிக்கும் இதே முறைதான், ஏனெனில் இரண்டும் ஒரே இனம். நாம் குளிர்பானத்தில் ஊறவைக்கும் சப்ஜா விதையும் அதே இனத்துச் செடியின் விதைதான். ஆனால் இது ஓராண்டுச் செடி, கதிர் விட்டு விதை முற்றினால் வேலை முடிந்ததென்று காய்ந்துவிடும். ஆகையால் கிள்ளுவதில் துளசியைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் முதலில் பார்க்க வேண்டிய தொட்டி இதுதான்.

புதினா முற்றிலும் வேறு குணம் உள்ளது, மூன்றில் ஒரு பங்கு என்ற அளவு இதற்குப் பொருந்தாது. புதினாவின் உயிர் மேலே இல்லை, மண்ணை ஒட்டியும் மண்ணுக்குள்ளும் ஓடும் ஓடுதண்டில் இருக்கிறது. அதனால் செடி ஒரு சாண் உயரம் வந்ததும் மண்ணிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுத் தொட்டி முழுவதையும் கத்தரியால் ஒரே மட்டமாக வெட்டிவிடலாம், துவையலுக்கும் ஆகும். மூன்று, நான்கு வாரத்தில் முன்னிலும் நெருக்கமாக எழும்பிவரும். சமையலுக்கு இரண்டு இலை, மூன்று இலை என்று அவ்வப்போது கிள்ளிக்கொண்டிருப்பவர் தொட்டியில் புதினா கொடி போல நீண்டு சரிந்து, அடித்தண்டு மொட்டையாகி, நுனியில் சிறுத்த இலையோடு கிடக்கும். இலையின் அடிப்பக்கம் துருப்பிடித்தாற்போலச் செம்புள்ளி விழுந்தாலும் இப்படி ஒட்ட வெட்டி, வெட்டியதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுத் துளிரை எதிர்பார்ப்பதே நல்லது.

வெட்டியும் புதினா எழும்பவில்லை என்றால் வேரைப் பாருங்கள். நான் ஒருமுறை அப்படி நின்றுபோன தொட்டியைக் கவிழ்த்தபோது, ஊதா நிற ஓடுதண்டுகள் தொட்டியின் சுவரை ஒட்டிக் கயிறு சுற்றியது போல மூன்று சுற்று வந்திருந்தன, நடுவில் மண்ணே இல்லை, வேர்க்கட்டி மட்டும் இருந்தது. அதை வெட்டரிவாளால் நான்காகப் பிளந்து, ஒரு துண்டைப் புது மண்ணில் வைத்ததும் பதினைந்து நாளில் தொட்டி நிறையத் தொடங்கியது. ஆண்டுக்கு ஒருமுறை இந்த வேர்க் கவாத்து இல்லாமல் மேல் கவாத்து மட்டும் புதினாவைக் காப்பாற்றாது. கொஞ்சம் நிழலும் ஓயாத ஈரமும் அதற்குப் பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கற்பூரவள்ளியைப் பற்றி நீண்டு எழுத ஒன்றுமில்லை. எங்கே ஒடித்தாலும் அங்கே இரண்டாகக் கிளைக்கும், ஒடித்த துண்டும் மண்ணில் செருகினால் வேர் பிடிக்கும். ஒன்றே ஒன்று, தண்டு சதைப்பற்றானது, நீர் கோத்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெட்டினால் வெட்டுவாய் காயாமல் கொழகொழவென்று அழுகிக் கீழிறங்கும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் காய்ந்ததும் ஒடியுங்கள். இலை உள்ளங்கை அகலம் பெருத்துத் தண்டு துவண்டு விழுந்தால் அது செழிப்பன்று, வெயில் போதாமை. அந்தச் செடியை எத்தனை முறை கிள்ளினாலும் துவண்ட கிளைதான் வரும். முதலில் இடத்தை மாற்ற வேண்டும். இது எல்லாச் செடிக்கும் பொருந்தும். நாளுக்கு நாலைந்து மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் கவாத்தால் அடர்த்தி வராது.

கறிவேப்பிலை மூலிகைச் செடி அன்று, மரம். இருந்தாலும் உங்கள் மனக்குறை பெரிதும் இதைப் பற்றித்தான் என்று கடிதத்தில் தெரிவதால் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு கன்று இரண்டு ஆண்டு ஒற்றைக் கம்பாக நின்றது. வீட்டில் எல்லோரும் தாளிக்கும் நேரத்தில் ஓடிப்போய் ஈர்க்கிலிருந்து நாலைந்து இலையை உருவிக்கொண்டு வருவோம். மொட்டை ஈர்க்குகள் மட்டும் செடியில் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும், சில நாளில் மஞ்சளாகி உதிரும். கறிவேப்பிலையில் நாம் இலை என்று உருவுவது உண்மையில் சிற்றிலை. நடு ஈர்க்கோடு சேர்ந்த அந்த முழுக் கொத்துதான் ஓர் இலை. சிற்றிலையை உருவினால் செடிக்குப் பாதி வேலை செய்யும் ஊனமான இலை மிஞ்சுகிறது, நுனியோ தன் போக்கில் மேலே போய்க்கொண்டிருக்கிறது. ‘ஒரு இணுக்கு கறிவேப்பிலை’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சொல்லில் முறை இருக்கிறது: இணுக்குவது என்றால் உருவுவதன்று, நுனியோடு ஒடிப்பது.

அந்தக் கன்றை ஒரு மாசி மாதம், மார்பளவு உயரத்திலிருந்து முழங்காலுக்குச் சற்று மேலே வரை இறக்கி வெட்டினேன். வெட்டிய இடத்துக்குக் கீழே ஐந்தாறு முழு இலைகள் இருந்தன, அவற்றை ஒருவரும் தொடக் கூடாது என்று சொல்லி, இரண்டு மாதம் கடைக் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டோம். பன்னிரண்டாம் நாள் மேலிருந்து இரண்டாவது ஈர்க்கின் கக்கத்தில் செந்நிறத்தில் ஒரு துளிர் வந்தது. அடுத்த வாரத்துக்குள் நான்கு. அந்த நான்கும் ஒரு முழம் வந்ததும் அவற்றின் நுனியை ஒடித்தோம். அதன் பிறகு நாங்கள் கடையில் கறிவேப்பிலை வாங்கவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் வயலில் கறிவேப்பிலை பயிரிடுவோருக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவும் இந்தப் போக்கில்தான் இருக்கிறது: செடி ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கும்படி நுனியை வெட்டி, புதருக்கு ஐந்து, ஆறு கிளைகள் இருக்கும்படி வளர்க்க வேண்டும் என்கிறார்கள். தொட்டியில் அந்த ஒரு மீட்டரையே உச்ச வரம்பாக வைத்துக்கொண்டு, முதல் வெட்டை இரண்டடி உயரத்தில் வைத்தால் போதும். பூங்கொத்து வந்தால் உடனே ஒடித்துவிடுங்கள், பழம் பழுக்கும் காலத்தில் இலை வரத்து நின்றுவிடும். அடியில் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றுகள் தொட்டியில் இடத்துக்கும் ஈரத்துக்கும் போட்டியிடும், அவற்றை வேரோடு பெயர்த்து வேறு தொட்டியில் வைத்துவிடலாம். வெட்டியபின் வரும் மெல்லிய துளிரைப் பறவை எச்சம் போன்ற சின்னப் புழுக்கள் தேடி வரும். அவை பெரிதாகிப் பச்சை நிறம் கொண்டு, பின்னர் அழகான வண்ணத்துப்பூச்சியாகும். ஆனால் நான்கே துளிர் உள்ள செடியில் ஒரு புழு போதும், இரண்டு நாளில் எல்லாம் போய்விடும். காலையில் பார்த்துக் கையால் எடுத்து, வளர்ந்த வேறொரு கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால் அதில் விட்டுவிடுங்கள்.

எல்லாச் செடியையும் கிள்ளினால் அடரும் என்று நினைத்துக் கொத்தமல்லியிலும் கைவைக்க வேண்டாம். கொத்தமல்லியின் இலைகள் மண்மட்டத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. வெளிவட்டத்துக் காம்புகளை அடியோடு எடுத்து நடுக் குருத்தை விட்டுவைத்தால் சில முறை பறிக்கலாம், அவ்வளவுதான். வெயில் ஏறியதும் நடுவில் தண்டு நீண்டு பூ விடத் தொடங்கினால், அந்தத் தண்டை வெட்டினாலும் அகன்ற இலை திரும்பாது. மறு விதைப்பே வழி. வல்லாரைக்கும் நுனி கிள்ளல் இல்லை, காம்போடு இலையைப் பறித்தால் போதும். ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் நன்றாக வரும் ரோஸ்மேரியைச் சமவெளியில் முயல்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பச்சை இலை உள்ள பகுதிக்குள் மட்டும் வெட்டுங்கள். இலையற்ற பழுப்புக் கட்டைக்குள் இறங்கி வெட்டிய கிளை பெரும்பாலும் மீள்வதில்லை.

காலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நுனி கிள்ளுவதற்குக் காலம் பார்க்க வேண்டியதில்லை, செடி வளரும் நாளெல்லாம் கிள்ளலாம். கத்தரியால் இறக்கி வெட்டும் பெரிய கவாத்துக்கு, பனி குறைந்து வெயில் இதமாக ஏறும் தை கடைசியும் மாசியும், கோடை தணிந்த ஆடியும் ஏற்றவை. கத்திரி வெயிலில் வெட்டக் கூடாது என்பதை ஒரு துளசியை இழந்து கற்றேன். சித்திரைக் கடைசியில், விடுமுறை நாள் கிடைத்ததே என்று, நன்கு வளர்ந்திருந்த கருந்துளசி ஒன்றைப் பாதிக்கு மேல் வெட்டினேன். அதுவரை இலை நிழலில் இருந்த தண்டின் மேல் மாடித் தரையின் அனலும் நடுப்பகல் வெயிலும் நேராக விழுந்து, ஒரு வாரத்தில் மேற்குப் பக்கப் பட்டை வெளுத்து வெடித்துவிட்டது. துளிர் வரவில்லை என்ற கவலையில் தண்ணீரையும் கூட்டிக் கொடுத்தேன், வேரும் அழுகிப்போனது. வெட்டியபின் செடிக்குத் தண்ணீர் குறைவாகத்தான் வேண்டும். தண்ணீரை மேலிழுத்து ஆவியாக்குவது இலைகள், இலைகளில் பாதியை எடுத்துவிட்டால் பழைய அளவுத் தண்ணீர் மண்ணில் தேங்கும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

உரமும் அப்படித்தான். வெட்டிய அன்றே உரம் வைத்தால் அதை வாங்க இலை இல்லை. துளிர்கள் கண்ணுக்குத் தெரிந்த பிறகு, மேல் மண்ணை லேசாகக் கிளறி, தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரமோ நன்கு மக்கிய சாணமோ இட்டு நீர் ஊற்றினால் போதும். பஞ்சகவ்யம் தெளிப்பவர்கள் லிட்டருக்கு 30 மில்லி என்ற 3 சதவீத அளவைத் தாண்ட வேண்டாம். புதிதாக நட்டு வேர் பிடிக்காத செடியையும், வாடிக் கிடக்கும் செடியையும் அப்போது வெட்டாதீர்கள். ஆனால் நுனியில் பஞ்சு போல மாவுப்பூச்சி அப்பியிருந்தால் காத்திருக்க வேண்டாம், அந்த நுனியை அன்றே வெட்டிப் பையில் கட்டி வெளியேற்றுங்கள், மட்கு உரக் குழியில் போடாதீர்கள்.

கருவி என்று பார்த்தால், இளந்தண்டுக்கு விரல்நகமே சிறந்தது. நகம் இறங்காமல் தண்டு நார் நாராகக் கிழிகிறது என்றால் அது கத்தரிக்குரிய தண்டு. மீன் வெட்டும் கத்தரியையோ காகிதம் வெட்டி மழுங்கியதையோ எடுத்தால் தண்டு நசுங்கும், நசுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும். பென்சில் பருமனுக்கு மேற்பட்ட கறிவேப்பிலைக் கிளைக்குக் கவாத்துக் கத்தரி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குப் போகும்போது கொதிநீரிலோ மருத்துவ ஸ்பிரிட்டிலோ துடைத்து எடுத்தால் நோய் பரவாது. வெட்டும் வேளை, பனி உலர்ந்து வெயில் ஏறுவதற்கு முன்னான காலை. வாசனை நிறைந்த இலையும் அப்போதுதான் கிடைக்கும், வெட்டுவாய் பகலுக்குள் காய்ந்தும்விடும்.

இப்போது உங்கள் நான்கு தொட்டிகளுக்கு வருகிறேன். புதினாவை நாளையே மண்ணிலிருந்து இரண்டு அங்குலத்தில் வெட்டுங்கள், தயங்க வேண்டாம். கற்பூரவள்ளியின் எல்லா நுனிகளையும் இரண்டு கணு இறக்கி ஒடித்து, ஒடித்ததில் தடித்த இரண்டை அதே தொட்டியின் ஓரத்தில் செருகிவிடுங்கள். துளசியில் கதிர்களையும் அவற்றுக்குக் கீழே உள்ள ஒரு சோடி இலையையும் மட்டும் எடுத்து மூன்று வாரம் காத்திருங்கள். வெட்டும் துளசி நுனிகளில் கதிர் விடாதது கிடைத்தால், கீழிலைகளை நீக்கி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீரை நாள்தோறும் மாற்றி வாருங்கள். வேர் விட்டால் பழைய துளசி மீளாமல் போனாலும் அதன் பிள்ளை கையில் இருக்கும். கறிவேப்பிலைக்கு மட்டும் ஒரு வேலை முதலில் இருக்கிறது: இன்றிலிருந்து அதில் ஓர் இலையும் பறிக்காமல் விடுங்கள். இரண்டடி உயரத்துக்குக் கீழே ஐந்து முழு இலையாவது சேர்ந்திருந்தால் மாசியில் வெட்டலாம். சேராவிட்டால் அடுத்த ஆடி வரை பொறுத்து, அதுவரை நுனியில் ஓர் இணுக்கை மட்டும் ஒடித்துவிட்டு, கீழே எந்தக் கணுவில் செந்துளிர் வருகிறதென்று பார்த்து எனக்கு எழுதுங்கள். வெட்ட வேண்டிய இடத்தை அந்தத் துளிரை வைத்துச் சொல்லிவிடலாம்.